படம் கடைசியில்தான் வரும்

கணினியின் பட்டனை அமுக்குகிறீர்கள். உள்ளே விசிறி சுற்றுகிறது. பெட்டியின் முகப்பில் விளக்கும் எரிகிறது. ஆனால் திரையில் ஒன்றுமில்லை, ஒரே கருப்பு. வீட்டில் உடனே எழும் முதல் குரல், "ஸ்கிரீன் போச்சு." அடுத்தது, "விண்டோஸ் போச்சு, ஃபார்மேட் பண்ணணும்." இரண்டுமே பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். ஏன் என்று புரிய வேண்டுமானால், பட்டனை அமுக்கியதிலிருந்து படம் வரும்வரை உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகிற வேலை. அதனால்தான் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். முதலில் ஓடுபவர் குச்சியைக் கொடுத்தால்தான் அடுத்தவர் கிளம்ப முடியும். கணினி விழிப்பதும் அப்படித்தான். இதில் முதலில் ஓடுவது மின்வழங்கி, அதாவது பவர் சப்ளை. மலேசிய வீடுகளின் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். மின்வழங்கி அதை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. மாற்றிய உடனே அது வேலையைத் தொடங்க விடுவதில்லை. அளவுகள் நிலைகொள்ளும்வரை காத்திருந்து, 'மின்சாரம் சரி' என்று ஒரு தனிக் கம்பி வழியே, பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் தாய்ப்பலகைக்குச் சொல்கிறது. இதற்கு அரை நொடி வரை ஆகலாம். அந்தச் சேதி வரும்வரை கணினியின் மூளையான செயலி அசையாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

விசிறிக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. 12 வோல்ட் வந்ததுமே சுற்றத் தொடங்கிவிடும். ஆகவே விசிறி சுற்றுவது 12 வோல்ட் வந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. மற்ற எதற்கும் அது சாட்சி ஆகாது.

அடுத்து ஓடுவது செயலி. பழைய இன்டெல் செயலிகள் பலவற்றின் உலோக மூடியில் 'மலாய்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். மலேசியாவில் செய்து முடித்தது என்பதற்கான அடையாளம் அது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே திறந்த முதல் ஆலை பினாங்கில் இருக்கிறது, 1972இல் திறந்தது. யாராவது பழைய கணினியைக் கழற்றினால் அந்தச் சொல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

செயலி எழுந்ததும் அதற்கு ஒன்றுமே நினைவில் இருக்காது. தாய்ப்பலகையில் சிறு நகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. அதில் எழுதி வைத்திருக்கும் தொடக்க நிரலை வரி வரியாகப் படித்து, அதன்படி நடக்கும். இந்த நிரலைத்தான் பயோஸ் என்பார்கள். அது இடும் முக்கியமான கட்டளை, "ரேம் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா, பார்" என்பது.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். செயலி எதைச் செய்வதானாலும் எழுதி வைத்துக்கொள்ள நினைவகம் வேண்டும். ஆனால் அந்த நினைவகமான ரேம் இன்னும் தயாராகவில்லை. அதைத் தயார் செய்வதுதான் இப்போதைய வேலை. ஆகவே இன்றைய செயலிகள் தம் உடலுக்குள்ளேயே இருக்கும் 'கேஷ்' எனும் மிகச் சிறிய நினைவகத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொண்டு, ரேமுக்குப் பயிற்சி கொடுக்கின்றன. பயிற்சி என்பது உண்மையான பயிற்சியேதான். தெரிந்த ஒரு வரிசையை ரேமுக்கு அனுப்பி, அது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. வரவில்லை என்றால் நேரத்தை இம்மியளவு மாற்றி மறுபடி அனுப்புகின்றன. புதிய டி.டி.ஆர்.5 ரேம் போட்ட கணினியில் முதல் தடவை இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும். புதுக் கணினி வாங்கி வந்து, "வேலை செய்யவில்லை" என்று இரண்டே நிமிடத்தில் அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. பாவம், அது அப்போதுதான் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கும்.

ரேம் சரியான பிறகுதான் படம் தரும் பகுதியை, அதாவது கிராஃபிக்ஸை, தொடக்க நிரல் எழுப்பும். அதன் பிறகே திரையில் முதல் எழுத்தோ சின்னமோ தெரியும். விண்டோஸ் அதற்கும் அடுத்து வருவது. ஆக, மின்வழங்கி, செயலி, தொடக்க நிரல், ரேம், கிராஃபிக்ஸ் என்ற வரிசையில் எவர் கையில் குச்சி நின்றாலும் வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரிவது அதே கருப்புத் திரை. வியாதி ஐந்து, அறிகுறி ஒன்று.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் போக்கா ரட்டோன் என்ற ஊரில் அதை உருவாக்கிய பொறியாளர்களுக்கு இதே சிக்கல் வந்தது. படம் காட்டும் பாகமே கெட்டுப்போனால், கெட்டுப்போனதை எங்கே எழுதிக் காட்டுவது? பெட்டிக்குள் ஒரு சிறிய ஒலிபெருக்கி இருந்தது. அதையே வாயாக்கினார்கள். ஒரு சிறிய 'பீப்' வந்தால் எல்லாம் நலம். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குட்டை ஒலிகளும் வந்தால் திரைப் பகுதியில் கோளாறு. கணினி எழுந்தவுடன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் இந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஒலிகளின் பொருள் மாறும். அதனால் உங்கள் தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். இப்போது வரும் பலகைகள் பலவற்றில் ஒலிபெருக்கி இல்லை. அதற்குப் பதில் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். செயலி, ரேம், கிராஃபிக்ஸ், வட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எது அணையாமல் எரிந்துகொண்டே நிற்கிறதோ, குச்சி அங்கே நின்றுவிட்டது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியும் தன் பச்சை விளக்கை எண்ணிக்கையோடு சிமிட்டிக் கோளாறைச் சொல்லும்.

கணினி பேசாமல் இருப்பதில்லை. நாம்தான் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் இருக்கும் பெர்மாஸ் ஜெயா, தெப்ராவ் ஆற்றின் கிழக்கே, ஜொகூர் நீரிணையை ஒட்டி இருக்கும் ஊர். ஆண்டு முழுக்க வெப்பம், காற்றில் எந்நேரமும் ஈரம், பல நாள்களில் பிற்பகல் ஆனால் இடியும் மழையும். கணினிக்கு இவை மூன்றுமே பிடிக்காதவை. சூடாகும்போது உலோகம் கொஞ்சம் விரியும், அணைத்ததும் சுருங்கும். தினம் தினம் இப்படி நடந்தால் குழியில் செருகிய பாகம் மெல்ல மெல்ல மேலே நகர்ந்துவிடும். 1980இல் வந்த ஆப்பிள் 3 என்ற கணினிக்கு இதுதான் நேர்ந்தது. இரைச்சலே கூடாது என்று, ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் விசிறி வைக்க விடவில்லை. உள்ளே சூடு தங்கியது, சில்லுகள் குழியிலிருந்து தளர்ந்தன. அப்போது ஆப்பிள் நிறுவனமே பயனர்களுக்குச் சொன்ன வைத்தியம், கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் விடுங்கள் என்பது! விழுந்த அதிர்ச்சியில் சில்லுகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் அதைச் செய்துபார்க்கக் கூடாது. வட்டு உடைந்துவிடும். ஆனால் "கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது" என்று கடைக்காரர் சொல்வதில் மாயம் ஒன்றும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

எங்கள் தாமானில் ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். அவள் தாத்தா பாசிர் கூடாங் துறைமுகத்தில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி விடுமுறை முடிந்து அவள் கணினியைப் போட்டபோது திரை கருப்பு. அவர்கள் இருவரும் அன்று மாலை செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். நான் பார்த்ததிலேயே நல்ல அறிவியல் சோதனைகளில் அதுவும் ஒன்று.

"தாத்தா, செத்துப் போச்சு. காத்தாடி மட்டும் சுத்துது."

"எது செத்துச்சுன்னு இன்னும் நமக்குத் தெரியாதுடா கண்ணு. மானிட்டர் என்ன சொல்லுது?"

"சிக்னல் இல்லைன்னு எழுத்து வந்துச்சு. அப்புறம் கருப்பாயிடுச்சு."

"எழுத்து வந்துச்சுல்ல? அப்ப மானிட்டர் நல்லா இருக்கு."

இப்படி ஒரே கேள்வியில் திரை கணக்கிலிருந்து நீங்கியது. அடுத்து, திரையின் கம்பி எந்த வாயில் செருகியிருக்கிறது என்று பின்பக்கம் பார்க்கச் சொன்னார். தனி கிராஃபிக்ஸ் அட்டை போட்ட கணினியில் கம்பியை அந்த அட்டையில்தான் செருக வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்தபின் தாய்ப்பலகையின் வாயில் மாற்றிச் செருகிவிட்டு, கணினி கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். மானிட்டரின் பட்டனை அமுக்கி, படம் எந்த வழியாக வர வேண்டும் என்ற தேர்வையும் பார்த்தார்கள். எல்லாம் சரி.

"கேப்ஸ் லாக்கை அமுக்கு. விளக்கு எரியுதா?"

"இல்ல லா தாத்தா."

கேப்ஸ் லாக் விளக்கைப் பொதுவாக ஏற்றி அணைப்பது விசைப்பலகை தானாகச் செய்கிற வேலை அல்ல. கணினி சொன்னால்தான் அது எரியும். எரிந்து அணைந்தால் கணினி முழுதாக விழித்துவிட்டது, படம் மட்டும்தான் வழியில் எங்கோ தொலைகிறது என்று பொருள். எரியாவிட்டால் ஓட்டம் பாதியிலேயே நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

திறக்கும் முன் தாத்தா செய்தவற்றை நீங்களும் வரிசை தவறாமல் செய்ய வேண்டும், அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சுவரில் சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். பிறகு கணினியின் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்து, பலகையில் மிச்சமிருந்த மின்சாரத்தை வடியவிட்டார். பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பை இருவரும் தொட்டுக்கொண்டார்கள். நம் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் நமக்குச் சுருக்கென்று உறைப்பதற்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில்லைக் கெடுக்க அதில் மிகச் சிறு பங்கே போதும், நமக்குத் தெரியவே தெரியாது. மின்வழங்கி இருக்கும் இரும்புப் பெட்டியை மட்டும் எவரும் எக்காரணத்துக்கும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும் அளவு.

உள்ளே ஓரங்களில் தூசி. மூலையில் ஒரு பல்லியின் எச்சம். செயலிக்கு அருகே இருக்கும் தனி 12 வோல்ட் செருகி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அது கழன்றிருந்தாலும் விசிறிகள் சுற்றும், செயலி மட்டும் எழாது. இங்கே அது இறுக்கமாகவே இருந்தது. பலகையில் ஒலிபெருக்கி இல்லை. தாத்தா தன் பெட்டியிலிருந்து விரல்நுனி அளவு ஒலிப்பான் ஒன்றை எடுத்து, கையேட்டைப் பார்த்து உரிய முனைகளில் செருகினார். கணினியைப் போட்டார்கள். சத்தமே இல்லை.

அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, "ரெண்டு ரேமையும் கழட்டு" என்றார்.

"கழட்டிட்டா எப்படி தாத்தா ஓடும்?"

"ஓடாது. கத்துதான்னு பாப்போம்."

அவள் இரு முனையிலும் இருந்த கொக்கிகளை விலக்கினாள், ரேம்கள் மேலே எழும்பின. பிளக்கைச் செருகிப் பட்டனை அமுக்கியதும் பீப், பீப், பீப் என்று நிற்காமல் அலறல். சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். தாத்தா முகத்தில் சிரிப்பு.

ஏன் சிரித்தார்? ரேம் இல்லை என்று கணினி புகார் சொல்கிறது. புகார் சொல்ல வேண்டுமானால் மின்சாரம் சரியாக வந்திருக்க வேண்டும், செயலி எழுந்திருக்க வேண்டும், தொடக்க நிரலை அது படித்திருக்க வேண்டும். ஒரு பாகத்தை வேண்டுமென்றே எடுத்துவிட்டதால் மூன்று பாகங்கள் நலம் என்று தெரிந்துவிட்டது, அதுவும் ஒரு காசு செலவில்லாமல். சரியான விடை கிடைக்காத இடத்தில், முன்கூட்டியே நமக்குத் தெரிந்த ஒரு தவறை உண்டாக்கி, அது எதிர்பார்த்தபடி நடக்கிறதா என்று பார்ப்பது எல்லா ஆய்வுக்கூடத்திலும் உள்ள முறை.

இனி ரேம். இரண்டு அட்டை, இரண்டு குழி. இங்கே பலர் அவசரப்பட்டு இரண்டையும் துடைத்து, இரண்டையும் இடம் மாற்றிச் செருகுவார்கள். கணினி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. தாத்தா ஒரு அட்டையில் பென்சிலால் 'அ' என்றும் மற்றதில் 'ஆ' என்றும் எழுதிய ஒட்டுத்தாளை ஒட்டச் சொன்னார். 'அ' முதல் குழியில்: கருப்பு. 'அ' இரண்டாம் குழியில்: கருப்பு. 'ஆ' முதல் குழியில்: படம் வந்துவிட்டது! அவள் துள்ளினாள். அவர் விடவில்லை. 'ஆ'வை இரண்டாம் குழியிலும் போடச் சொன்னார். அங்கும் படம்.

"இப்ப சொல்லு. குழி கெட்டதா, அட்டை கெட்டதா?"

கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு குழியும் நல்லது. 'அ'தான் கெட்டது."

நான்கு தடவை பட்டனை அமுக்கியதில் வந்த முடிவு. ஒவ்வொரு தடவையும் ஒரு அட்டையை ஒரு குழியில் மட்டும் போட்டார்கள். 'அ'வின் அடிப்பக்கம் இருந்த பொன்னிறக் கோடுகளை, பக்கத்துக்கு 120 வீதம் 240 கோடுகள், பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தும் பார்த்தார்கள். அழுக்குதான் காரணம் என்றால் அதோடு சரியாகிவிடும், பல கணினிகள் அப்படித் தேறியிருக்கின்றன. இது தேறவில்லை. பாதி நினைவகத்தோடு கணினி அன்றைக்கே வேலை செய்தது. பிறகு அதே வகையில் இன்னொரு அட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ரேமிலும் கோளாறு இல்லையென்றால்? பலகையில் வெள்ளி நிறத்தில் ஒரு வட்ட மின்கலம் தெரியும். அதன்மேல் 2032 என்று இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதே அந்த எண். 3 வோல்ட் தரும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். பல கணினிகளில் அமைப்புகளை மறக்காமல் காப்பதும் இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் சில நிமிடம் கழற்றி வைத்தால், யாரோ மாற்றிக் குழப்பிய அமைப்பு அழிந்து ஆலை அமைப்புக்குத் திரும்பிவிடும். தீர்ந்துபோயிருந்தால் புதிது போடலாம். வீட்டில் குழந்தை இருந்தால் இந்த மின்கலத்தைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது.

பழைய பலகையில் இன்னொன்றும் பாருங்கள். சிறிய உருளைகள் வரிசையாக நிற்கும், அவை மின்தேக்கிகள். தலைப்பக்கம் கூட்டல் குறியோ வேறு கீறலோ இருக்கும், தட்டையாக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் தரமில்லாத திரவம் நிரப்பிய மின்தேக்கிகள் உலகம் முழுக்கப் பரவி, லட்சக்கணக்கான கணினிகளில் தலை வீங்கி வெடித்தன. பழுதான தன் கணினிகளைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. நல்ல மின்தேக்கிக்கும் சூடு ஆகாது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் ஊர் வெயிலில், காற்று வராத அலமாரிக்குள் கணினியைத் திணித்து வைப்பதை இதனால்தான் நான் எப்போதும் எதிர்ப்பேன். இடிமழை நெருங்கும் முன்பே பிளக்கையும் இணையக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். மின்னலின் அதிர்வு இரண்டு வழியாகவும் வரும்.

வீங்கிய மின்தேக்கி தெரிந்தாலோ, ரேமைக் கழற்றியும் கணினி கத்தாமல் இருந்தாலோ, அதற்குமேல் வீட்டில் செய்வதற்கில்லை. கடைக்குக் கொண்டுபோங்கள். "ஓடல அண்ணே" என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கு எரிந்தது, எத்தனை பீப் கேட்டது, எதை மாற்றினால் என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அங்கே யாராவது, "டிஸ்ப்ளே வரல, அதனால ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரையில் முதல் எழுத்தே வரவில்லை என்றால் வட்டில் இருக்கும் விண்டோஸுக்கு இன்னும் குச்சி போய்ச் சேரவில்லை, அதை அழித்து என்ன பயன்? உங்கள் படங்களும் பள்ளிக் கட்டுரைகளும் அந்த வட்டில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தாய்ப்பலகையே போய்விட்டாலும் வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம். சில கணினிகளில் வட்டு பூட்டியிருக்கும், சாவி எண் இருந்தால்தான் திறக்கும். ஆகையால் அந்தச் சாவி எண்ணை இன்றைக்கே அப்பா அம்மாவிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.